ஆட்டிப் பார்க்கிறவர்

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என் மைத்துனர் போனபோது, பதிமூன்றாம் நாள் இலை எடுத்த கையோடு, கரமனைத் தெருவே கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லிற்று. நானும் யோசித்துப் பார்த்தேன். இன்று வரைக்கும் யோசிக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் தேறுகிறது. அவர் தூக்கி நிறுத்திய வண்டி ஒருநாளும் சரிந்து விழுந்ததில்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். அகத்துக்காரரின் அண்ணா பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களில் கிடையாது. வழக்கம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் தங்களுக்கு வேண்டாததையெல்லாம் ஏலம் போட்டபோது வாங்கிய அமெரிக்க வேகன். ஒரு சின்னக் கல்யாணக் கோஷ்டியை அப்படியே உள்ளே அடைத்துவிடலாம். நெல் கொட்டி வைக்கிற பெட்டி மாதிரி சதுரமாக இருந்ததால் தெருவில் அதற்குப் பத்தாயம் என்று பெயர். எங்கள் வீடு தெருக்கோடி. அதை ஒட்டி ஆற்றுப் பக்கமாகச் சரிந்து இறங்கும் காலி மனை ஒன்று உண்டு. அங்கேதான் பத்தாயத்தின் வாசம். அந்தச் சரிவில் ஒரு மூலையை மட்டும் கல்லும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாதபடி மட்டமாக்கி வைத்திருந்தார். சரிவில் நிறுத்தி வண்டியைத் தூக்குகிறவன் தற்கொலை செய்துகொள்ளப் போகிறவன் என்பார்.

சர்க்கார் கச்சேரியில் அவருக்குக் கணக்குத் தணிக்கை உத்தியோகம். ஊரிலுள்ள ஒர்க்‌ஷாப் ஒன்றிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை சாமானை மாட்டி அனுப்பிவிடுவார்களாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், தாமே ஒரு பழைய வேஷ்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மனையில் இறங்கிவிடுவார்.

அதைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். பொய் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முன்பக்கத்தைத் தூக்க வேண்டுமானால் முதலில் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் முட்டு. ஹாண்ட் பிரேக் போட்டாலும் கல் உண்டு. சக்கரத்தைக் கழற்றுவதானால் அது தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிடுவார். தூக்கியபிறகு அழுத்தித் திருகினால் வண்டி நகருமாம். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை. ஜாக்கியின் தலை அச்சில்தான் படவேண்டும், தகரத்தில் படக்கூடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, இரண்டு பக்கமும் அச்சுக்கு அடியில் ஆஞ்சிலி மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஜாக்கியை இறக்கி, வண்டியின் பாரம் முழுவதையும் கட்டையில் உட்கார வைப்பார்.

"தூக்கறது வேற, தாங்கறது வேற. ஜாக்கி தூக்கும், தாங்காது. கேட்டியா அம்பி?" என்பார் என் அகத்துக்காரரிடம். அம்பி தலையை ஆட்டுவார். அண்ணா எது சொன்னாலும் தலையாட்டுவது அவருக்குப் பிறவிப் பழக்கம்.

எல்லாம் முடிந்தபின்தான் முக்கியமான சடங்கு. எழுந்து நின்று, மட்கார்டில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, முழு பலத்தோடு வண்டியைத் தள்ளுவார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பின்பு தோளைக் கொடுத்து ஒரு இடி. இம்மி அசையாது. முகத்தில் ஒரு திருப்தி வரும். "ஆடலை" என்பார். அதன் பிறகுதான் கோரைப்பாயை விரித்து அடியில் போவார்.

இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். ஒரு குற்றமும் இல்லை. அந்த மனுஷர் இதை வண்டியோடு நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கு அவருக்குத் திவசச் சாப்பாடு மனதார சமைத்திருப்பேன்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து குடித்தனம் படிவதற்குள், குளிக்கும் அறையில் சோப்பு வைக்கிற மாடத்தில் ஒரு மோதிரம் கிடந்தது. கனமான பொன். எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் அவர் முன்னால் வைத்து, "இது யாரோடதோ அங்கே கிடந்தது" என்றேன். அவர் அதைக் கையில் எடுத்து, என்னைப் பார்க்காமல், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆடலை" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமையற்கட்டில் மன்னியிடம் கேட்டேன். மன்னி என்றால் அவருடைய மனைவி, என் ஓர்ப்படி.

மன்னி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "பாஸாயிட்டேடீ. இனி உன்னை அந்த மோதிரத்தை வெச்சுப் பார்க்க மாட்டார். வேற எதாவது வெப்பார்."

எனக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. திருடியா என்று பார்ப்பதற்கு ஒருத்தியைத் தாலி கட்டி அழைத்து வருவார்களா? அம்பியிடம் சண்டை போட்டேன். "அண்ணா எல்லாரையும் அப்படித்தான், வெறுதே விடு" என்றார். வேலைக்காரியை, பால்காரரை, சொந்தத் தங்கையை, தங்கை புருஷனை, எல்லாரையும் அப்படித்தான். ஒருத்தர் சொன்னதாக இன்னொருத்தரிடம் இல்லாததைச் சொல்லுவார். அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பார். உறவில் பாதிப் பேர் அவர் தள்ளின தள்ளில் விழுந்தார்கள். விழுந்தவர்களைக் காட்டி, "பார்த்தியா, அப்பவே தெரியும்" என்பார். நன்றாக நிற்கிறவனைக் கூட ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் ஒருநாள் தடுக்கி விழத்தான் செய்வான். அது அந்தத் தணிக்கை மூளைக்கு ஏறவில்லை.

கிள்ளிப்பாலத்தில் ஒரு டாக்ஸிக்காரர், பாவம், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விட்டு, கை நசுங்கிப்போயிற்று. தெருவே ஐயோ என்றது. இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு இல்லை, வண்டி சரிந்த இடத்துக்கு. வந்து கால் கழுவிக்கொண்டே, "கட்டை வெக்கலை. ஆட்டியும் பார்க்கலை. பின்னே?" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. சாதத்தில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி நெய் அதிகம் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அவரிடம் வெறுப்பு என்பது கோபத்திலிருந்து பிரிந்து தனியாக நின்றது என்று நினைக்கிறேன்.

இல்லை, அதற்கு முன்பே நின்றுவிட்டது. மன்னி தன் கதையைச் சொன்ன அன்றைக்கு.

மன்னி சின்னப் பெண்ணாக வந்த புதிது. ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். ரசம் சாதம் முடிகிற சமயம், "நாகர்கோவில்லேர்ந்து ஆள் வந்தான். உன் அப்பா கிணத்தடியிலே விழுந்துட்டாராம். பேச்சில்லையாம்" என்றாராம். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மன்னி மோர் சாதம் போட்டாள். ஊறுகாய் வைத்தாள். கண்ணில் கொட்டுகிற நீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மோர் வேணுமா என்று கேட்டாள். அவர் சாப்பிட்டு, கையலம்பி, துண்டில் துடைத்துக்கொண்டபின் சொன்னாராம்: "அப்பாக்கு ஒண்ணுமில்லை. சும்மா சொன்னேன். ஆடலை நீ."

இதைச் சொல்லும்போது மன்னி அவியலுக்குச் சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டுகள் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தன.

அவர்களுக்கு ஒரே பெண், சீதா. காலேஜ் இன்டர்மீடியட் வரைக்கும் படித்தவள். சிரித்தால் வீடே சிரிக்கும். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோதுதான் மன்னி பயப்படுவதை முதல்முறையாக நான் பார்த்தேன்.

முதல் வரன் வலியசாலைத் தெருவிலிருந்து வந்தது. பள்ளிக்கூட வாத்தியார், சாதுப் பையன். பெண் பார்த்தாயிற்று, பிடித்துவிட்டது என்று சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். இவர் பையனை ஆற்றங்கரையில் உலாத்த அழைத்துப்போய், "சொல்லாம இருக்கப்படாது பாருங்கோ, குழந்தைக்குச் சின்ன வயசிலே வலிப்பு வந்திருக்கு. இப்போ இல்லை. வந்தாலும் வரும்" என்று சொல்லியிருக்கிறார். சீதாவுக்கு வலிப்பும் வந்ததில்லை, ஒரு மண்ணும் வந்ததில்லை. பையன் அப்படியே திரும்பிப் போனான். மறுநாள், ஜாதகம் சரியில்லை என்று ஆள் வந்தது.

இவர் வெற்றி வீரர் மாதிரி கூடத்தில் நடந்தார். "ஆடித்து பார்த்தியா? ஒரு தள்ளுக்குத் தாங்கலை. இவனை நம்பி அவளை ஒப்படைச்சிருந்தா?"

பொய்யைச் சொல்வதுதான் அவர் கையில் இருந்தது. திரும்பப் பிடிப்பது அவர் கையில் இல்லையே. வலியசாலையிலிருந்து அது கோட்டைக்குப் போயிற்று, கோட்டையிலிருந்து கரமனைக்கே திரும்பி வந்தது. ஆற்றுப் படித்துறையில் ஒரு மாமி என்னிடம் ரகசியமாக, "சாவிக்கொத்தைக் கையிலே குடுத்தா நின்னுடுமோ?" என்று கேட்டாள். இரண்டாவது வரன் பெண் பார்க்கவே வரவில்லை. அதற்கும் அவர் "இதுவும் ஆடித்து" என்றார். இவர் தொடாமலே ஆடிற்று என்பது அவருக்கு இன்னும் பெருமை. சீதா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநாளைக்கு அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது, மன்னியின் மாமா பிள்ளை கொண்டுவந்த வரன். சுசீந்திரத்துக் குடும்பம், பையனுக்கு மதராசில் உத்தியோகம். சுசீந்திரம் இருக்கிற நாஞ்சில் நாடு மதராசோடு சேருமா, திருக்கொச்சி ராஜ்யத்திலேயே இருக்குமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். "அந்த ஊரே எந்தப் பக்கம் சாயும்னு தெரியலை. அந்த ஊர்ப் பையனை எப்படி நம்பறது?" என்றார் இவர். ஆனால் அவர்கள் நல்லவர்கள். வலிப்புக் கதை அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. மன்னியின் மாமா பிள்ளை அது வெறும் ஊர்ப் பொய் என்று சத்தியம் செய்ததை நம்பினார்கள். வந்து பார்த்து, சீதாவைப் பிடித்துப்போய், மறு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் பண்ணிக்கொள்ள வருவதாகச் சொன்னார்கள்.

இவர் உடனே, "தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வண்டி கொண்டு வரேன். எல்லாரையும் நம்மாத்திலே இறக்கிட்டு, மாப்பிள்ளையும் நானும் மட்டும் சங்குமுகம் கடற்கரை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரோம்" என்றார். சொல்லிவிட்டு, நான் மோதிரத்தைக் கொடுத்த அன்றைக்குப் போலவே உத்தரத்தைப் பார்த்தார். மன்னியின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஊர் சொன்னால் பொய் என்று சொல்லிவிடலாம். பெற்ற தகப்பனே சொன்னால் யார் பொய் என்பார்கள்? அதோடு சீதாவின் கதை முடிந்துவிடும்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் காலை. பத்தாயம் முன்பக்கம் தூக்கி நின்றது. ஓட்டும்போது ஒரு பக்கமாக இழுக்கிறதாம். அடியில் ஸ்டியரிங் கம்பியில் ஏதோ இறுக்க வேண்டுமாம். கல், பலகை, கட்டை எல்லாம் முறையாக வைத்தாயிற்று. தள்ளினார், இடித்தார், "ஆடலை" என்றார், பாயை விரித்து உள்ளே போனார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. நான் மனையில் கட்டியிருந்த கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

மன்னி பின்கட்டிலிருந்து வந்தாள். கையில் இட்லி மாவு அப்பியிருந்தது. நேராக வண்டியிடம் போய் நின்றாள்.

"ஏன்னா."

"என்ன?"

"நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் வலிப்புக் கதையைச் சொல்லப் போறேளா?"

ஸ்பானர் சத்தம் நிற்கவில்லை. "சொல்லித்தான் பார்க்கணும்."

"குழந்தைக்கு அப்படி ஒண்ணும் வந்ததில்லையே."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? இருக்கிறதைச் சொன்னா அது விவரம். இல்லாததைச் சொன்னாத்தான் சோதனை. உனக்கு இதெல்லாம் புரியாது. போய் வேலையைப் பாரு."

மன்னி போகவில்லை. இரண்டு உள்ளங்கையையும் எடுத்து மட்கார்டில் வைத்தாள். அவர் வைக்கிற அதே இடத்தில். அடியில் படுத்திருப்பவருக்குக் கால் மட்டும்தான் தெரியும். மன்னியின் கால் ஒன்று முன்னால் வந்து அழுந்தி ஊன்றியதை, தள்ளப் போகிறவர்கள் ஊன்றுகிற மாதிரி ஊன்றியதை, அவர் பார்த்திருக்க வேண்டும். ஸ்பானர் நின்றது.

"என்ன பண்றே?"

"ஆட்டிப் பார்க்கறேன்."

"நான் ஆட்டியாச்சு. கையை எடு."

"நீங்க வெளியே நின்னுண்டு ஆட்டினேள். ஆள் அடியிலே இருக்கச்சே ஒருநாளும் ஆட்டிப் பார்த்ததில்லையே. அதையும் பார்த்துடலாம்."

கோபமே இல்லாத குரல். இன்னும் கொஞ்சம் மோர் வேணுமா என்று கேட்கிற குரல். பாயில் கால்கள் உதைத்துக்கொண்டன. வெளியே நழுவப் பார்த்தார்; மன்னி, "அசையாதேங்கோ" என்றாள். கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

"ராஜம்! ராஜம் அங்கேதானே இருக்கே? அவளைப் பிடி! அவளுக்கு என்னமோ ஆயிடுத்து!"

நான் அவருடைய வேஷ்டியைத்தான் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்துகொண்டே இருந்தேன். அதில் ஒரு சொட்டு நீர் கிடையாது.

"சொல்லலை," என்றது அடியிலிருந்து. வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "ஒண்ணும் சொல்லலை. போறும். கையை எடு."

"அந்தப் பிள்ளையிடமும் சொல்லக்கூடாது. அவா ஆத்து மனுஷா யாரிடமும் சொல்லக்கூடாது. இன்னிக்கும் இல்லை, என்னிக்கும் இல்லை."

"இல்லை."

"சீதா மேலே சத்தியமா?"

மன்னியின் தோள் முன்னால் சாய்ந்தது.

"சத்தியம்! சீதா மேலே சத்தியம்!"

மன்னி கையை எடுத்தாள். வண்டியின் பச்சை வர்ணத்தில் மாவு இரண்டு உள்ளங்கையாகப் பதிந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, இட்லிப் பானை ஞாபகம் வந்தவளாக உள்ளே போய்விட்டாள்.

அவர் வெளியே வந்தார். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. குந்தி உட்கார்ந்து கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எழுந்து நின்று வண்டியைத் தள்ளிப் பார்த்தார். இம்மி அசையவில்லை. திரும்பப் படுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அரைகுறையாக இறுக்கிய கம்பியோடு வண்டியைக் கீழே இறக்கிவிட்டார்.

மறுநாள் தம்பானூரில் பஸ் இறங்கியவர்களை டாக்ஸியில் அழைத்து வந்தோம். சங்குமுகத்துக்குப் போகவில்லை. நிச்சயதார்த்தம் நடந்தது, தை பிறந்ததும் கல்யாணமும் நடந்தது. சத்தியத்தை அவர் காப்பாற்றினார். மகள் மேலுள்ள பிரியத்தாலா, பயத்தாலா என்று நான் ஆராயவில்லை. சீதா மதராசில் சௌக்கியமாக இருக்கிறாள்.

கல்யாணச் சந்தடியெல்லாம் அடங்கினபின் ஒருநாள், அரிசி களைந்துகொண்டிருந்த மன்னியிடம் கேட்டே விட்டேன். "மன்னி, அன்னிக்கு நிஜமா தள்ளியிருப்பேளா?"

"தள்ளியிருப்பேன்."

மன்னி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் என்னைப் பார்த்து ஒரு பரிதாபம்.

"விழாதுடீ அசடே. அவர் வெச்ச கட்டையாக்கும். நான் தள்ளினா விழற மாதிரி என்னிக்கு வெச்சிருக்கார்? எனக்கு அதிலே ஒரு சந்தேகமும் கிடையாது." களைந்த நீரைக் கீழே சாய்த்தாள். "அவருக்குத்தான் இருந்தது. அவர் கட்டை மேலேயே."

அதற்குப் பிறகும் அவர் வெகுகாலம் பத்தாயத்தை வைத்துக்கொண்டிருந்தார். கல், பலகை, கட்டை, தள்ளல் எல்லாம் பழையபடிதான். ஆனால் பாயை விரித்தபிறகு புதிதாக ஒரு சடங்கு சேர்ந்துகொண்டது. நிமிர்ந்து, வேலிப் பக்கம் பார்த்து, கொடியடியில் நிற்கிற என்னிடம் கேட்பார்: "அவ எங்கே?"

பின்கட்டில் மன்னி தோசைக்கு அரைக்கிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கும். அவருக்கு அதற்குள் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது.

"தெரியலையே" என்பேன்.

ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்கி நிறுத்திய வண்டிக்குப் பக்கத்தில், வெயில் ஏறும்வரை அந்த மனுஷர் நின்றுகொண்டே இருப்பார். நான் துணிகளை ஒவ்வொன்றாக, மெள்ள உதறி, உலர்த்துவேன்.